நான்கு மணி நேர வேலைக்கு நான்கு மாதம்

"ஆயுத பூஜை முடியட்டும் சார், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எங்கள் தெருமுனை மெக்கானிக் சொன்ன நாள் 2022 செப்டம்பர் 24, சனிக்கிழமை. பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. அவருடைய பட்டறை வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்திருந்தால் அவர் சொன்னது நியாயம் என்று யாருக்கும் புரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அப்பாவின் ஆர்எக்ஸ் 100 வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்று ஒரு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன். பிஸ்டன் ஓடும் பிளாக்கின் உள்சுவரைக் கடையும் போரிங், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். பிஸ்டன் மாற்றுவது நான்கு மணி நேர வேலை என்று நான் பார்த்த காணொளியில் சொன்னார்கள். அந்த நான்கு மணி நேரத்தையும் பன்னிரண்டு நிமிடத்தில் காட்டி முடித்திருந்தார்கள். நாமே செய்துவிடலாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஸ்பானர் பிடித்த அனுபவம் என்றால் சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கியதுதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யமஹாவோடு சேர்ந்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இங்கே தயாரித்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அப்பா 1994இல் வாங்கி, ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வந்தார். முழங்கால் வலி வந்த பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் போய்விட்டது. நான் வெளியே எடுத்தபோது கிக்கரைக் கையால் அழுத்தினாலே இறங்கியது. உள்ளே அழுத்தம் நிற்கவில்லை, பிஸ்டனும் அதைச் சுற்றியிருக்கும் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். அந்த அளவுக்கு மெக்கானிக் சொன்னது எனக்கும் புரிந்தது. புரிந்த அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கெடுத்தது.

பிளாக்கையும் அதன் மேல்மூடியான ஹெட்டையும் கழற்றப் பக்கவாட்டு மூடிகளைத் தொடவே வேண்டாம். நான்கு நட்டுகளைத் தளர்த்தி, கார்புரேட்டரையும் சைலன்சரையும் விலக்கினால் பிளாக் மேலே உருவிக்கொண்டு வந்துவிடும். அது சுலபமாக முடிந்ததும் எனக்குக் கை அரித்தது. கிளட்ச் தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்று வலதுபக்க மூடியின் திருகுகளில் கை வைத்தேன். மூன்று வந்தன. நான்காவதில் திருப்புளி வழுக்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், தலையில் இருந்த பிளஸ் வடிவப் பள்ளம் வட்டமாகிப் போனது. ஐந்தாவதும் அப்படியே. ஜப்பானிய வண்டிகளின் திருகுகள் பார்க்கப் பிளஸ் போலவே இருந்தாலும் பள்ளத்தின் அளவு சற்று வேறு என்பது எனக்கு அன்று தெரியாது. சாதாரணப் பிளஸ் திருப்புளி அடிவரை உட்காராமல் மேலே எகிறிக் குதிக்கும். அதற்கென்று நுனி உள்ள இம்பாக்ட் டிரைவர் கிடைக்கிறது, அப்போது சுமார் அறுநூறு ரூபாய். அதைத் திருகில் வைத்துப் பின்னால் சுத்தியலால் தட்டினால், அடியே திருப்பும் விசையாக மாறும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டு, காலையில் இரண்டு தட்டுத் தட்டினால் இருபத்தெட்டு வருடத் திருகும் முனகிக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஊறவிடப் பொறுமை இல்லை. இரண்டு திருகுகளையும் துளைபோட்டு எடுக்கவும், புதிதாக வாங்கவும் 350 ரூபாய், ஒரு நாள் விடுப்பு. கிளட்ச் தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன.

பிளாக்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். அங்கே ஒரு லேத் பட்டறையில் போரிங் துல்லியமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெரியவர் பிளாக்கை வாங்கி உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் எங்கே?" என்றார். பழைய பிஸ்டனா என்று கேட்டேன். "புது பிஸ்டன் சார். அதை அளக்காமல் நான் எந்த அளவுக்கு வெட்டுவது?" பெட்டியில் 0.75 என்று போட்டிருப்பதை நம்பி வெட்ட மாட்டாராம். பிஸ்டனைக் கையில் வாங்கி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுத்தான் பிளாக்கைக் கடைவார். வெறும் பிளாக்கோடு நாற்பது கிலோமீட்டர் வந்த ஆளைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கம்பெனி அளவுக்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நான்கே படிகள்தான் பிஸ்டன் கிடைக்கும். எங்கள் வண்டி ஏற்கெனவே 0.50இல் இருந்தது, பழைய பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டியிருந்தால் எண் தெரிந்திருக்கும். மறுநாள் 0.75 பிஸ்டன் செட் 1,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு மறுபடி போய், இன்றே முடித்துத் தர முடியுமா என்று அவரைக் கேட்டேன். "தருகிறேன். ஆனால் நீங்கள் திரும்பக் கொண்டுவருவீர்கள்" என்றார். வெள்ளிக்கிழமைதான் தந்தார். வெட்டிய கூலி 450. துவாரங்களின் விளிம்பை அரம் போட்டு மழுக்கியும் கொடுத்திருந்தார். டூ ஸ்ட்ரோக் பிளாக்கின் சுவரில் துவாரங்கள் இருப்பதால், கடைந்த பிறகு விளிம்பு கத்தி போல நின்றால் ரிங் அதில் மாட்டி உடையும். உங்கள் பிளாக் வந்ததும் முதலில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கூர்மை தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுங்கள்.

அக்டோபர் 1, சனிக்கிழமை. மாலை ஆறரை மணி. ரிங்குகளை மாட்டிவிட்டேன். பள்ளத்தில் ஒரு சிறு முளை இருக்கும், ரிங்கின் வாய் அந்த முளையில் வந்து உட்கார வேண்டும். அதைக்கூடச் சரியாகத்தான் செய்திருந்தேன். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னைத் தள்ளியாகிவிட்டது. அந்தப் பின் வெளியே வராமல் இரு முனையிலும் வாய் திறந்த கம்பி வளையம் போல ஒரு சர்க்ளிப், மெக்கானிக்குகள் அதை லாக் என்பார்கள். இடப்பக்க லாக் உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கத்துக்கு ஒரு கையில் மொபைல் வெளிச்சம், மறு கையில் மூக்குக் குறடு. கிராங்க் கேஸின், அதாவது பிளாக்குக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையின், வாயைப் பனியன் வேஸ்ட் வைத்து அடைத்திருந்தேன். ஆனால் அடி பேரிங்குக்கு இரண்டு சொட்டு ஆயில் விடுவதற்காக ஒரு நிமிடம் முன்புதான் அதை உருவினேன். திரும்ப அடைக்கவில்லை. இன்னும் ஒரு லாக்தானே.

'டிங்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியாது. கிராங்க் கேஸுக்குள் இருந்தும் வந்திருக்கலாம், சிமெண்ட் தரையில் இருந்தும் வந்திருக்கலாம். இரண்டு மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை உடைத்துக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று அம்மா வாசற்படியில் நின்று சொன்னார். கிராங்க் கேஸின் வாய் அண்டாவின் வாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் மிக மோசமான பகுதி தேடியதல்ல. இரவு ஒன்பது மணிக்கு மனது பேரம் பேச ஆரம்பித்தது: நிச்சயம் செடிப்பக்கம்தான் தெறித்திருக்கும், புது லாக் பத்து ரூபாய், போட்டு மூடிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது? உள்ளே ஒரு கம்பி கிடந்து, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் கிராங்க்கில் மாட்டினால் இன்ஜினே நொறுங்கும் என்று தெரிந்தும் அந்தக் குரல் நியாயமாகத்தான் ஒலித்தது. அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இன்ஜினை வண்டியின் இரும்புச் சட்டத்திலிருந்து இறக்கி, ஆட்டோவில் வைத்து அதே தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூஜை முடிந்து பிரித்துத் தருகிறேன் என்றார், இந்த முறை நான் தலையாட்டினேன். ஆயுத பூஜை அன்று சட்டம் ஒரு பக்கம் நின்றது. பட்டறை மூலையில் சாக்கின் மேல் இருந்த இன்ஜினுக்கு மெக்கானிக்கே பொட்டு வைத்து, மீதியிருந்த கதம்பத்தில் ஒரு முழம் கிள்ளிப் போட்டிருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, "ஐசியூவில் இருப்பவருக்கு மாலை போட்டது போல இருக்கிறது" என்றார்.

இன்ஜினை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில் உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கழித்து அம்மா வாசல் கால்மிதியை உதறியபோது தேங்காய் நாருக்குள்ளிருந்து லாக் விழுந்தது. பிரித்த கூலி 1,800 ரூபாய். ஆயில் சீல், பேரிங், மூடிகளுக்கு இடையில் வைக்கும் பேக்கிங் தாள் செட் 2,150. எனக்குத் தொண்டை அடைத்தது. மெக்கானிக் பழைய சீல்களை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கருங்கல்லாக இருந்தன. கிராங்க்கின் மேக்னட் பக்க சீல் இப்படி இறுகிப்போனால் அதன் வழியே காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, புது பிஸ்டனே சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்றார். ஆகவே செலவு முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் கை வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். கிராங்க் கேஸ் வாயில் துணி இல்லாமல் ஒரு விநாடிகூட லாக்கைத் தொடாதீர்கள். கழற்றிய லாக்கை மறுபடி போடவும் போடாதீர்கள், அதன் விறைப்பு போயிருக்கும்.

இத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். பிரித்துச் சேர்த்த இன்ஜினை மெக்கானிக்கே வண்டியில் ஏற்றித் தருவதாகச் சொன்னார். மேல்பாகத்தை நானே மாட்டிக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தேன். நவம்பர் நடுவில் ஒரு மாலை எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஐந்தாவது உதையில் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா செருப்புப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்தார். மழை விட்டிருந்தது. ஐந்தே முக்கால் இருக்கும். பாபநாசம் வரை போய்வருகிறேன் என்று கிளம்பினேன். ஊருக்குச் சற்று முன், இருபுறமும் வயல், ஐம்பதுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் மெலிந்து ஒரு கீச்சொலி கேட்டது, அடுத்த கணம் பின்சக்கரம் அப்படியே இறுகி ஈரச் சாலையில் இழுத்துக்கொண்டு போனது. கிளட்சைப் பிடித்தது யோசித்துச் செய்ததல்ல, பயத்தில் கை தானாக இறுகியது. அதனால்தான் விழவில்லை. டூ ஸ்ட்ரோக் ஓட்டுபவர்கள், அதுவும் புதிதாகப் போரிங் செய்தவர்கள், இரண்டு விரலைக் கிளட்ச் மேல் வைத்தே ஓட்டுங்கள்.

நடந்தது இதுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு மசகு என்பது பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகும் ஆயில் மட்டுமே. இந்த வண்டியில் அதற்குத் தனி டேங்க்கும் ஒரு சிறு பம்ப்பும் உண்டு. பலர் அந்தப் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துகொள்வார்கள். அப்பா பம்ப்பை அப்படியே வைத்திருந்தார். ஆயில் குழாயை ஒருமுறை கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். பம்ப்பில் அதற்கென்றே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் ஆயில் வடியும் வரை காத்திருந்து மூட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்தவர்கள்கூட முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு முப்பது மில்லி ஆயிலைக் கலந்துவிடுவார்கள், ஒருவேளை பம்ப் ஏமாற்றினாலும் பிஸ்டன் பிழைக்கட்டும் என்று. மெக்கானிக் இரண்டையுமே சொல்லியிருந்தார். மழை விட்ட அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடக்கூடாது என்று நான் இரண்டையுமே செய்யவில்லை. ஆயில் டேங்க் நிறைய இருந்தது, பிஸ்டனுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. சூட்டில் அலுமினிய பிஸ்டன், பிளாக்கின் இரும்புச் சுவரைவிட அதிகமாக விரியும். நடுவில் ஆயில் படலம் இல்லாவிட்டால் இரண்டும் உரசி, அலுமினியம் இழுபட்டுச் சுவரில் அப்பிக்கொள்ளும்.

வயல் வரப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தவளைச் சத்தம். அழுகை வந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் அது வண்டிக்கான அழுகை இல்லை. வீட்டில் அப்பா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார் என்ற நினைப்புதான். டாடா ஏஸ் ஒன்றைப் பிடித்து ஏற்றி வர 700 ரூபாய் ஆனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.

பிறகு மூன்று வாரம் நான் வண்டிப் பக்கமே போகவில்லை. தொழில் பழக்கத்தில் செலவுகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எதற்கும் பார்ப்போம் என்று ஒருநாள் உட்கார்ந்து கூட்டினேன். இங்கே சொல்லாத மற்றச் செலவுகளையும், அடுத்த போரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஆகப்போவதையும் சேர்த்தால் 11,650. மெக்கானிக் கேட்டது நாலாயிரம். அந்த வித்தியாசம் எனக்கு வலித்தது, ஆனால் வியப்பாக இல்லை. வியப்பளித்தது ஓரத்தில் நான் கிறுக்கி வைத்திருந்த நேரங்கள். திருகுத் தலை போனது மாலை ஆறு மணி. லாக் தெறித்தது ஆறரை. ஆயில் பம்ப்பைப் பார்க்காமல் கிளம்பியது ஐந்தே முக்கால். காலையில் செய்த வேலையில் ஒரு தவறுகூட இல்லை. ரிங்கின் முளை, அம்புக்குறி, நட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குவது, எல்லாமே காலையில் சரியாக நடந்தவை. எனக்குத் தெரியாதது என்னைக் கவிழ்த்தது ஒருமுறைதான், அந்தத் திருகு. மற்ற இரண்டும் தெரிந்தே, வெளிச்சம் போகிறது, இன்றே முடித்துவிடலாம் என்ற வேகத்தில் செய்தவை.

அதனால் மூன்றாவது முறை வேறு எதையும் கற்றுக்கொள்ளாமல் ஒன்றை மட்டும் மாற்றினேன்: ஐந்து மணிக்குக் கை கழுவிவிட வேண்டும், பாதி நட்டு உள்ளே இருந்தாலும் சரி. முதல் வாரம் அது சித்திரவதையாக இருந்தது. ஹெட்டை வைத்துவிட்டு நட்டு போடாமல் எழுந்து போன ஒரு நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் பாதியில் நிறுத்துவது என்றால், எங்கே நிறுத்தினோம் என்று தெரிய வேண்டும். அதற்காகச் சில பழக்கங்கள் தாமாகவே வந்தன. மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து, எந்தத் துளையிலிருந்து எந்தத் திருகு வந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்தேன். ஒரே மூடியில் நீளம் வேறுபட்ட திருகுகள் இருக்கும். நீளமானது தவறான துளையில் போனால் அடியில் முட்டி மரை போய்விடும். சின்னச் சாமான்களுக்கு முட்டை அட்டை. எழுந்திருக்கும் முன் மொபைலில் ஒரு படம், நோட்டில் ஒரு வரி: 'அடுத்தது அடி பேக்கிங்'. இதையெல்லாம் காணொளியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் என்பதும் உண்மை.

லேத் பெரியவரிடம் மறுபடி போனபோது, பிஸ்டனைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பிளாக்கின் உள்ளே பார்த்துவிட்டு, "ஆயில் போகவில்லை, இல்லையா?" என்றார். 1.00 கடைசிப் படி. இனி ஒருமுறை பிடித்தால் பிளாக்குக்குள் புது இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ், அடிக்க வேண்டும். எப்போது வரட்டும் என்று கேட்டேன். பொங்கல் முடிந்து வாருங்கள் என்றார். சரி என்றேன்.

ஜனவரி கடைசி வாரம் ஒரு காலையில் வண்டி கிளம்பியது. பம்ப்பின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்க ஏழு நிமிடம் ஆனது. ஏழு நிமிடமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். முழுவதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்தேன். மறுநாள் தெருக்கோடி வரை. முதல் ஐநூறு கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டாமல், ஆனால் ஒரே வேகத்திலும் போகாமல், அடிக்கடி ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். புது ரிங் சுவரோடு பழக வேண்டும் அல்லவா. சுவாமிமலைக்கு அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு போனபோது ஒரு பள்ளிப் பையன் சைக்கிளில் எங்களை முந்தினான். அப்பா என் முதுகில் தட்டி, "கொஞ்சம் முறுக்கு, மானம் போகிறது" என்றார். முறுக்கவில்லை.

இப்போது கிளட்ச் மூடியில் லேசாக ஆயில் கசிகிறது. நான் பூட்டிய பேக்கிங் ஓரிடத்தில் மடிந்திருக்க வேண்டும். ஷெல்லாக்கைத் தடவி இன்றே ஒட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். கடையில் கேட்டேன், பேக்கிங் வியாழக்கிழமை வரும் என்றார்கள். இன்று திங்கள். வண்டிக்கு அடியில் பழைய சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அது யாருடைய தட்டு என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது.